நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் வடகரையில் உள்ள காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பலைப் பற்றி வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் உள்ளன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*கும்பகோணம் வாசகர்: நானும் என் மனைவியும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போக விரும்புகிறோம். இருவருமே அறுபது வயதைக் கடந்தவர்கள். கப்பலில் போகலாமா, விமானம்தான் நல்லதா? எந்த மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும்?*

தாராளமாகக் கப்பலில் போகலாம். நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல்வழித் தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். பயண நேரம் சுமார் நான்கு மணி. உங்கள் ஊரிலிருந்து திருச்சி விமான நிலையத்தைவிட நாகைத் துறைமுகம் அருகில் இருக்கிறது என்பதும் ஒரு வசதி. ஆனால் கப்பலில் போவதென்று முடிவு செய்துவிட்டால், நாளைக் குறிக்கும் பொறுப்பில் பாதியைக் கடலிடம் விட்டுவிட வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள். இந்தச் சேவையின் சிறு வரலாற்றைப் பார்த்தாலே இது விளங்கும். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ என்ற கப்பலுடன் சேவை தொடங்கியது. ஒரு வாரம் முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பலுடன் தனியார் நிறுவனம் ஒன்று மீண்டும் தொடங்கியது. அதுவும் மழைக்காலம் வந்ததும் நின்று, 2025 பிப்ரவரி 22 அன்றுதான் திரும்ப ஓடியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்தக் கப்பலை நம்பிக் கல்யாணத்துக்கோ மருத்துவரைப் பார்ப்பதற்கோ நாள் குறிப்பது அறிவுடைமை ஆகாது.

கடல் மிக அமைதியாக இருப்பது மாசி முதல் சித்திரை வரை. வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று வலுப்பெறாத இடைவெளி அது. முதல் முறை கடலில் போகிறவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது அந்த மாதங்களையே. உங்கள் நல்லூர்த் திருவிழாவோ ஆடி அமாவாசைக்குப் பிறகு தொடங்கி 25 நாள் நடப்பது. 24-ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டிய அந்தக் காலத்தில் பொதுவாகக் கப்பல் ஓடும், ஆனால் காற்று இருக்கும். நாகையிலிருந்து தெற்கே இறங்கும் கப்பலுக்குக் கோடியக்கரை வரை வலப்பக்கம் நிலம் மறைவாக நிற்பதால் தென்மேற்குக் காற்றின் வேகம் அவ்வளவாகத் தெரியாது. கோடியக்கரையைத் தாண்டிய பிறகு வலப்பக்கம் பாக் விரிகுடா திறந்து கிடக்கிறது. ஆழம் குறைந்த கடலாகையால் அலைகள் நீண்டு புரளாமல் குட்டையாகவும் அடுத்தடுத்தும் எழுந்து மோதும். பயணத்தின் பின்பாதியில்தான் கப்பல் ஆடுகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். ஆபத்து என்று அஞ்சத் தேவையில்லை. எழுந்து நடமாடும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள்.

தேருக்கு முதல் நாள் போய்ச் சேரும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே போய்விடுங்கள். திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தங்கும் அறை கிடைப்பது கடினம் என்பதால், கப்பல் சீட்டுக்கு முன்பே அறையை உறுதிசெய்வது நல்லது. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றித்தான் செல்ல வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

*திருவாரூர் வாசகி: கப்பலில் போகவும் பாஸ்போர்ட், விசா வேண்டுமா? குழந்தைகளுக்கு?*

கட்டாயம் வேண்டும். நான்கு மணி நேரப் பயணம்தான் என்றாலும் இது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செல்வது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்போர்ட் வேண்டும். அது இலங்கையில் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக்குச் செல்லும் இந்தியர்கள் ‘இ.டி.ஏ.’ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தத் தளத்தைப் பார்த்து, அனுமதிக் கடிதத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கான சீட்டும் தங்குமிட விவரமும் குடியேற்ற அதிகாரிகள் கேட்கக்கூடியவை. கடல்கடந்த பேருந்து என்று எண்ணிக் கடைசி நிமிடத்தில் துறைமுக வாசலுக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் விமான நிலையத்தில் நடப்பவைதாம் இங்கும் நடக்கின்றன. கப்பல் நாகையில் காலையில் புறப்படுவதால், தொலைவிலிருந்து வருபவர்கள் முதல் நாள் இரவே நாகையிலோ நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ வந்து தங்கிவிடுவது நிம்மதி.

*கோயம்புத்தூர் வாசகி: என் மகளுக்குப் பேருந்தில் மலைப்பாதை ஏறினாலே குமட்டும். கப்பலில் நான்கு மணி நேரம் அவள் எப்படித் தாங்குவாள்?*

மலைப்பாதையில் குமட்டல் உள்ளவர்களுக்குக் கடலிலும் வரக்கூடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உடம்பு ஆடுவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது, எதிரே இருக்கும் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஆட்டமில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. ஆகவே கண்ணுக்கு உண்மையைக் காட்ட வேண்டும். சன்னலோர இடமாகக் கேட்டு வாங்கி, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பார்ப்பதையும் புத்தகம் படிப்பதையும் அந்த நான்கு மணி நேரம் தவிர்க்க வேண்டும். கப்பலின் மூக்குப் பகுதியில் ஆட்டம் மிகுதி. நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அருகில் உள்ள இருக்கையில் குறைவு.

வெறும் வயிற்றோடு ஏற்றுவது நல்லது என்று நினைப்பது தவறு. புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அளவுக்கு எண்ணெயில்லாமல் ஏதாவது கொடுங்கள்; பூரி, வடை, பால் வேண்டாம். குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகள் மருந்துக்கடையில் கிடைக்கும், ஆனால் குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். அவற்றைப் புறப்படுவதற்கு முன்பே கொடுத்தால்தான் பலன். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையே வெளியே வந்துவிடும். இஞ்சி மிட்டாய் ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும், பெரியவர்களுக்கும் உதவும். இன்னொன்று: பக்கத்து இருக்கைக்காரர் வாந்தி எடுத்தால், அதுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கும் வந்துவிடும். அப்போது இடத்தை மாற்றி உட்கார வைப்பதற்குத் தயங்காதீர்கள்.

*யாழ்ப்பாண மாவட்ட வாசகர் (சுன்னாகம்): மகளின் திருமணத்துக்குப் புடவையும் பித்தளைப் பாத்திரமும் வாங்குவதற்குக் கும்பகோணம், காஞ்சிபுரம் வர எண்ணியுள்ளோம். இலவசமாக 10 கிலோ பொதிதான் கொண்டுசெல்லலாம் என்கிறார்கள். விமானத்திலேயே இதைவிடக் கூடுதலாகக் கொண்டுவரலாமே! கப்பல் என்றால் பொதி கொண்டுவருவதற்குத்தானே? கட்டணமும் சாமானியருக்குக் கட்டுப்படியாகவில்லை.*

உங்கள் ஆதங்கம் நியாயமானது. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொதியைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியுமே பேசுகின்றன. எனவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் காரணம். பழைய காலத்து நீராவிக் கப்பல்களைப் போல இதில் சரக்கு அறை கிடையாது. இது 150 பேர் அமரக்கூடிய விரைவுக் கப்பல். ஏற்றும் எடை கூடக் கூட வேகம் குறைந்து எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதோடு, ஒவ்வொரு பயணியின் மூட்டையையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு இரு துறைமுகங்களிலும் சுங்கத் துறைக்கு ஆளும் இடமும் வேண்டும். பயணிகள் என்ற பெயரில் புடவையும் சாராயமும் அழகுப்பொருளும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் விற்கும் ‘குருவி’ வணிகத்தை இருநாட்டுச் சுங்க அதிகாரிகளும் அறிவார்கள். கட்டுப்பாட்டுக்கு அந்த அச்சமும் ஒரு காரணம். 10 கிலோவுக்கு மேற்பட்டதைக் கூடுதல் கட்டணம் செலுத்திக் கொண்டுவர வழி இருக்கிறது. சீட்டுப் பதிவு செய்யும்போதே எடையைச் சொல்லிக் கட்டிவிடுங்கள். துறைமுகத்தில் தராசின் முன் நின்று பேரம் பேச முடியாது. புடவைகளைக் கையோடு கொண்டுபோய், பித்தளைப் பாத்திரங்களைச் சரக்காக அனுப்புவது உங்களுக்குச் சிக்கனமாக அமையலாம். எதற்கும் கடைச் சீட்டுகளைத் தொலைக்காமல் வைத்திருங்கள். காங்கேசன்துறையில் உங்கள் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குப் பத்துப் புடவைகள் திருமணத்துக்கா விற்பனைக்கா என்று தெரியாது. வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு விலையில் வாங்கிய சீட்டுகளும் திருமண அழைப்பிதழும் உங்களுக்காகப் பேசும்.

காரணம் இருக்கிறது என்பதால் கட்டுப்பாடு சரியாகிவிடாது என்பதே நம் கருத்து. இந்தக் கடலைக் கடப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். திருச்சியிலும் சென்னையிலும் மருத்துவம் பார்க்க வருகிறவர்கள், கல்யாணத்துக்குச் சாமான் வாங்குகிறவர்கள், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சிதம்பரத்துக்கும் வேண்டுதலோடு வருகிறவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆண்டு வாழ்ந்து ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்கள். இவர்களில் யாரும் ஒரு கைப்பையோடு போகிறவர்கள் அல்லர். விமானம் ஒன்றரை மணிக்குள் கொண்டுசேர்க்கும்போது, நான்கு மணி நேரம் ஆடி அசைந்து போக ஒருவர் முன்வருவதற்கு இரண்டே காரணங்கள்தாம் இருக்க முடியும்: பணம் குறையும், பொதி கூடும். இரண்டும் இல்லையென்றால் கப்பல் வேடிக்கைப் பயணமாகச் சுருங்கிவிடும்.

கட்டணத்தின் கதையும் இதையே சொல்கிறது. 2023-இல் தொடக்க நாளன்று மட்டும் சலுகையாக ஏறத்தாழ 2,800 ரூபாய் வாங்கினார்கள். அன்று 50 பேர் போனார்கள். மறுநாளிலிருந்து வரியோடு சேர்த்து 7,670 ரூபாய் என்றதும் கூட்டம் கரைந்துவிட்டது. 2024-இல் மீண்டும் தொடங்கியபோது கட்டணம் ஐயாயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது; 2025-இல் போக வர இரண்டுக்கும் சேர்த்து 8,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். இந்த இறக்கத்துக்குப் பின்னால் அரசின் பணம் இருக்கிறது. சேவையை நடத்தும் செலவுக்காக இந்திய அரசு மாதந்தோறும் இலங்கை நாணயத்தில் 2.5 கோடி ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்குக் கொடுக்க முன்வந்தது. மானியத்தில் ஓடும் கப்பல் எதற்கு என்று வேதாரண்யம் வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கிராமத்துக்குப் போகும் நகரப் பேருந்தும் மானியத்தில்தான் ஓடுகிறது, ஐயா. ஆண்டில் மூன்று நான்கு மாதம் கட்டிப்போட வேண்டிய கப்பலின் செலவை மீதி எட்டு மாதப் பயணிகளிடமிருந்து வாங்கினால் யாரும் ஏற மாட்டார்கள். யாரும் ஏறாவிட்டால் கட்டணம் இன்னும் ஏறும். இந்தச் சுழலை அரசுப் பணம் ஒன்றே உடைக்க முடியும். ஆனால் அந்தப் பணம் விழாவுக்கும் பந்தலுக்கும் போகாமல் பொதியின் அளவைக் கூட்டுவதற்குப் போக வேண்டும்.

ஆளே இல்லாத கப்பல் நெடுநாள் ஓடாது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பல் விடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்லக்கூடிய அந்தக் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது. அதே தடத்தில், 1906-இல் தொடங்கிய வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்களை விட்டபோது, ஆங்கிலேயக் கம்பெனி அதை வீழ்த்துவதற்குக் கையிலெடுத்த முதல் ஆயுதம் கட்டணக் குறைப்புத்தான். இந்தக் கடலில் கப்பலை ஓட்டுவதும் நிறுத்துவதும் சீட்டின் விலையே என்பதை அன்றைக்கே இரு தரப்பும் அறிந்திருந்தன.

*மதுரை வாசகர்: எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்பு வரை போனதாக எங்கள் பாட்டி சொல்வார். அது உண்மையா? உண்மையென்றால், மிகவும் பக்கத்தில் இருக்கும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் விடாமல் நாகையிலிருந்து ஏன் விடுகிறார்கள்?*

உங்கள் பாட்டி சொன்னது முழு உண்மை. ‘போட் மெயில்’ என்ற பெயரைத் தென்மாவட்டத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் ரயில் தனுஷ்கோடிக் கப்பல் துறை வரை சென்றது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் அங்கேயே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறி, இருபது மைலுக்கும் குறைந்த கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினார்கள். அங்கே கொழும்புக்குப் போகும் இன்னொரு ரயில் நின்றுகொண்டிருந்தது. ரயில், கப்பல், ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டுக் கொடுத்தார்கள். கப்பல்களையும் ரயில்வே நிர்வாகமே நடத்தியதால் ரயில் தாமதமானால் கப்பல் காத்திருந்தது. இன்றைய பயணிக்குக் கிடைக்காத வசதி இதுதான். கப்பல் ஒருவர் கையில், ரயில் வேறொருவர் கையில், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லோரும் அதில் ஒரே மாதிரி போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகே கடல் கடந்தார்கள். சீட்டு வாங்கிய வணிகருக்கும் ஆள் திரட்டிய கங்காணியோடு போன கூலிக்கும் கடல் ஒன்று, வாசல் வேறு.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலில் மூழ்கி அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரோடு சேர்ந்து கப்பல் துறையும் போயிற்று. பிறகு இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ‘இராமானுஜம்’ என்ற கப்பல் ஓடியது. அதே 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்டங்களில் வாழ்ந்த 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்திருந்தது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் மிகப் பலர் தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பிறந்திராத நாட்டில் தங்களுக்கென்று ஒதுக்கிய ஊரைத் தேடிப் போனவர்கள். அவர்களுக்கு அந்தக் கப்பல் திரும்பி வராத பயணம். நீலகிரியின் கோத்தகிரியில் இந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டால் மதுரையில் கிடைக்கும் கதையிலிருந்து முற்றிலும் வேறான கதை கிடைக்கும். 1980-களின் முற்பகுதியில் இலங்கையில் போர் மூண்டதும் அந்தச் சேவையும் நின்றது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தூரம் மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பல் விடுவதற்குக் கடல் மட்டும் போதாது. கப்பல் அணையும் துறை, ஆழம், குடியேற்ற அலுவலகம், சுங்கக் கூடம் எல்லாம் இரு கரையிலும் வேண்டும். தனுஷ்கோடியில் துறை இல்லை, ஊரும் இல்லை. தலைமன்னாரிலும் பழைய துறையைப் புதுப்பிக்க வேண்டும். நாகையிலோ கடுவையாற்று முகத்தில் ஏற்கெனவே துறைமுகம் இருந்தது; அதைத் தூர்வாரி, பயணியர் கூடத்தைச் சீர்செய்தால் போதுமானதாக இருந்தது. காங்கேசன்துறையில் சிமென்ட் ஆலைக் காலத்துத் துறைமுகம் இருந்தது. 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கை, இராமேசுவரம்–தலைமன்னார் கப்பலை விரைவில் மீண்டும் தொடங்க அதிகாரிகள் முயல வேண்டும் என்றும், காங்கேசன்துறைத் துறைமுகத்தை இந்திய மானிய உதவியில் சீரமைப்பது பற்றி ஆராய வேண்டும் என்றும் கூறுகிறது. அதிகாரிகள் முயல வேண்டும் என்ற சொற்களுக்கும் கப்பல் ஓடுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை, இந்த வழித்தடத்தைப் பற்றிய அறிவிப்புகளை நெடுங்காலமாகப் படித்துவரும் உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

*தஞ்சாவூர் வாசகி: காங்கேசன்துறையில் இறங்கிய பிறகு எப்படிப் போவது? நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்க இன்னொரு கப்பல் ஏற வேண்டும் என்கிறார்களே?*

காங்கேசன்துறை இலங்கையின் வடக்கு ரயில் பாதையின் கடைசி நிலையம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தும் முச்சக்கர வண்டியும் கிடைக்கும். 20 கிலோமீட்டர் அளவுதான். கொழும்பு போகிறவர்கள் ரயிலிலேயே போகலாம். துறைமுகத்துக்கு அருகிலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், கீரிமலைக் கேணியும் நகுலேசுவரம் கோயிலும் இருக்கின்றன. கப்பல் களைப்பு நீங்குவதற்குக் கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்குப் போடுவதைவிட நல்ல மருந்து இல்லை. கடலுக்குப் பத்தடி தள்ளி நன்னீர் ஊறும் கேணி அது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி உண்டு.

நயினாதீவுக்குப் போவது கப்பல் அன்று, படகு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழியாகவே போய்விடலாம். தீவுகளைத் தாம்போதிகள், அதாவது கடல்நீரின் குறுக்கே மேடிட்டுப் போட்ட சாலைகள், இணைக்கின்றன. இருபுறமும் முழங்கால் அளவு நீரும் மீன் பிடிக்க நட்டுவைத்த கழிகளும் தெரிய, பேருந்து கடல் நடுவே போகும். புங்குடுதீவின் மேற்குக் கோடியில் குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கிறது. அங்கே படகு நிறைந்ததும் புறப்படும்; கால் மணியோ இருபது நிமிடமோ பிடிக்கும். படகின் உட்புறம் தாழ்வானது. படியில் குனிந்து இறங்கி, மரப்பலகையில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தட்டில் இடம் கேட்டுப் பாருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளாமல் அணிந்துகொள்ளுங்கள். சுடச்சுட வெயிலில் அது சுமையாகத்தான் இருக்கும், இருந்தாலும் அணியுங்கள்.

நயினாதீவில் அம்மன் கோயிலுக்கு ஒரு துறை, நாகவிகாரை என்ற பௌத்தக் கோயிலுக்கு ஒரு துறை. தென்னிலங்கையிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் கூட்டமாக வருவார்கள். வெள்ளுடை அணிந்து விகாரைக்குப் போகும் அவர்களில் பலர் அம்மன் சந்நிதிக்கும் வந்து வணங்குவார்கள். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் போவதானால் விடியலிலேயே குறிகட்டுவானில் இருக்க வேண்டும். அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்கும் படகு உண்டு, ஆனால் அது ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட திறந்த கடல் பயணம். ‘குமுதினி’ என்ற பழைய படகின் பெயரை அந்தத் தீவு மக்கள் மறக்க மாட்டார்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மாலையில் திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் இரவு அங்கேதான்.

*சிதம்பரம் வாசகர்: யாழ்ப்பாணத்தார் மார்கழித் திருவாதிரைக்கு இங்கே வருவது நெடுநாள் வழக்கம். இந்தக் கப்பல் அவர்களுக்கு உதவுமா?*

அரிது. ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் பாடசாலை நிறுவிய காலத்துக்கு முன்பிருந்தே யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு உங்கள் ஊரோடு உறவு உண்டு. ஆனால் திருவாதிரை விழுவதோ கடல் பொங்கும் மார்கழியில். நாகைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் பருவம் அது. முதலாம் எண் தொலைவில் புயல் என்பதையும் பத்தாம் எண் பேராபத்து என்பதையும் குறிக்கும். கூண்டு ஏறிவிட்டால் மீன்பிடிப் படகே கடலுக்குப் போகாது, பயணிகள் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உறவினர்கள் திருவாதிரைக்கு வருவதானால் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ விமானத்தில் வரச் சொல்லுங்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கு வருவதானால் கப்பலுக்குச் சீட்டு எடுக்கலாம்.

*நாகர்கோவில் வாசகர்: திரும்பி வரும்போது பனங்கட்டி, ஒடியல், தேயிலை கொண்டுவரலாமா?*

சொந்தப் பயன்பாட்டுக்கான அளவு என்றால் கொண்டுவரலாம். மாங்கன்று, விதை, மண்ணோடு கூடிய செடி ஆகியவற்றைத் தாவரத் தடுப்புச் சோதனையின்றிக் கொண்டுவர முடியாது. கறுத்தக்கொழும்பான் மாங்கன்றுக்கு ஆசைப்பட்டுச் சுங்கக் கூடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். பனங்கட்டியை அது வரும் ஓலைக் குட்டானோடு பெட்டியில் வைத்தால் கடற்காற்றின் ஈரத்தில் இளகித் துணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். எல்லாம் சேர்த்து 10 கிலோவுக்குள் இருக்கிறதா என்று யாழ்ப்பாணத்திலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.